மேலே நிற்பவர் பேச வேண்டும்

என் அண்ணன் முனீர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் உடனே இழுத்துவிட வேண்டும். அந்தத் தொட்டியில் கிளம்பும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். பிறகு நாற்றமே தெரியாது. அதுதான் மோசமான நேரம்.

ஆளை இறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பம்பு அடைத்துக்கொண்டால் யாரோ இறங்கத்தான் செய்தார்கள். பெரும்பாலும் அண்ணன்தான் இறங்குவார். மேலே ஆத்தூர் உடையப்பன் நிற்பார். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஏலே முனீரு, இன்னிக்கி ஒன் வீட்டுல என்ன வெஞ்சனம்?"

"ஒனக்கெதுக்கு மாப்ள சொல்லணும்? மோப்பம் பிடிச்சே வந்துருவ."

அண்ணனுக்குப் பெரிய குரல். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

போன வருஷம் முதலாளி அண்ணனை மேஸ்திரி ஆக்கினார். உடையப்பன் சண்டை போடவில்லை. மறுநாள் காலை, "வாங்க மேஸ்திரி" என்றார். அதன்பின் சொன்னதை மட்டும் செய்தார். ஊறப்போட்ட தோல் தொட்டியிலேயே கிடந்து நாறிப்போனபோது, "எடுக்கச் சொல்லலையே மேஸ்திரி" என்றார். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மின் பெல்ட் அறுந்தது. அது இத்துப்போயிருந்தது அவருக்கு முன்பே தெரியும். "கேக்கலையே மேஸ்திரி." முகத்தில் கோபம் இருக்காது. டீ வாங்கி வந்தால் அண்ணனுடைய டம்ளர் மட்டும் ஆறிப்போய் வரும்.

"நேரா போயி சண்ட போட்டு முடிச்சிருங்களேன்" என்றார் நர்கீஸ் மதினி.

"அவன் சண்டைக்கு வந்தாத்தானே? கூப்ட்டா 'சொல்லுங்க'ங்குறான். அதுக்கு மேல வாயே தொறக்க மாட்டேங்குறான்."

அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மழை பெய்த மறுநாள் பம்பு அடைத்தது. மேஸ்திரி ஆன பிறகு இன்னொருவரை இறக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. தானே கயிற்றைக் கட்டிக்கொண்டார். "உடையப்பா, மேல நில்லு" என்றார். பேசு என்று சொல்லவில்லை. அதை அங்கே யாரும் யாருக்கும் சொன்னதே இல்லை.

உடையப்பன் நின்றார்.

பிறகு அவரே சொன்னது இது. கீழிருந்து அண்ணன்தான் முதலில் பேசினாராம். "என்ன மாப்ள, இங்கயுமா பேச மாட்ட?" உடையப்பன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி போ, நானும் பேசல" என்று குரல் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை.

உப்பு மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த அய்யனார் என்கிற பையன்தான் நின்று பார்த்தான்.

"என்னண்ணே, சத்தமே காணோம்?"

"மேஸ்திரி கோவமா இருக்காரு."

அய்யனார் மூட்டையைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தான். அது கனத்தது.

அண்ணன் இறந்த மூன்றாம் நாள், பாத்திஹா ஓதிய அன்று உடையப்பன் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"நிக்கச் சொன்னான், நின்னேன்" என்றார் என்னிடம். பிறகு, "அவனும் வீம்புக்குத்தான் பேசாம இருக்கான்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

மதினி இத்தாவில் இருந்தார், வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"அவுக குரல் நின்னதுக்கப்பறம் எம்புட்டு நேரம்ண்ணே சும்மா நின்னீங்க?"

உடையப்பன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே மதினி பதிலுக்குக் காத்திருந்தார்.