புகை போடும் நேரம்

கல்யாணம் பேசியபோது எனக்கு இளைப்பு இருப்பதை மறைத்துவிட்டார்கள். "பொண்ணு நோயாளின்னு போயிடுவாங்க, வாயைத் திறக்காதே" என்றார் அம்மா. நானும் திறக்கவில்லை. மூணு வருஷம் இன்ஹேலரை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்துக் காலம் தள்ளினேன். செங் வட்டாரத்து ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கும் புருஷனுக்குக்கூடத் தெரியாது. பெரிய கெட்டிக்காரி நான்!

மகளுக்கு நாலு மாசத்தில் கன்னமும் கையும் சிவந்து வெடித்தன. சொறிந்து சொறிந்து ரத்தம். ஆயர் குரோ கிளினிக்கில் டாக்டரம்மா கேட்டார்: "எக்ஸிமாதான். குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி இருக்கா?" பக்கத்தில் அத்தை, என் மாமியார். "எங்க பக்கம் யாருக்கும் இல்லைலா" என்று முந்திக்கொண்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "எங்க பக்கமும் இல்ல" என்றேன். எனக்கு மூச்சில், பிள்ளைக்குத் தோலில், இரண்டும் வேறுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து போனில் தேடிப் படித்தேன். எல்லாம் ஒரே வழியில் வருவதாம். பெற்றவளுக்கு மூச்சில் இருந்தால் பிள்ளைக்குத் தோலில் வரலாம். தோலில் தொடங்கியது சில பிள்ளைகளுக்குப் பிறகு நெஞ்சுக்கும் போகலாம். அதற்கப்புறம் அவள் தூங்கும்போதெல்லாம் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அத்தை தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவார். அந்தப் புகை எனக்கு ஆகவே ஆகாது. துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் ஓடிவிடுவேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே!

எட்டாம் மாசம் ஒரு காலை, கையில் ஈரத்துணியோடு நிற்கிறேன், உள்ளே இருமல். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளைக்கு விலா உள்ளே இழுக்கிறது, மூச்சில் விசில். அந்தச் சத்தம் எனக்கா தெரியாது? அவளையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு காரை எப்படி ஓட்டினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிள்ளையின் முகத்தில் மருந்து மாஸ்க்கை வைத்தபடி டாக்டரம்மா மறுபடியும் அதையே கேட்டார்.

"எனக்கு இருக்கு டாக்டர். சின்னதுலேர்ந்தே."

திட்டட்டும், அம்மா வீட்டுக்கே அனுப்பட்டும் என்று அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் புகை போட்டிருப்பேனா? இத்தனை நாளும் என் கையாலேயே செய்ய விட்டுட்டியேம்மா."