டீசல் பில்டர் மாற்றிய மறுநாள்

என் பிக்கப்பின் டீசல் பில்டரை நானே வீட்டில் மாற்றுவேன். டாங்கியின் அடியில் சேரும் தண்ணீரையும் நானே வடிப்பேன். வொர்க்‌ஷாப்பில் விட்டதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மகளுக்குத் தஞ்சோங் மாலிமில் யூனிவர்சிட்டி கிடைத்தது. என் மனைவியின் அண்ணன் தன் புதுக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

"என் மக என் வண்டியிலதான் போவா மச்சான்," என்றேன். வொர்க்‌ஷாப்காரன் எல்லாம் கள்ளன் என்றும் சேர்த்துச் சொன்னேன். தேவையில்லாத பேச்சு.

தூரப் பயணமாயிற்றே என்று முதல் நாள் சாயங்காலம் பில்டரைக் கழற்றினேன். அது உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தேன். புதியதை முறுக்கி ஏற்றினேன். கைப்பம்பை அழுத்தி டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்தேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. "ரெடி," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அணைத்தேன்.

காலையில் இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் தோத்தோ மெத்தை, பால்டி வாளி, பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளின் முனை வரைதான் வண்டி ஓடியது. இருமி நின்றுவிட்டது. பம்பை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். பில்டர் ஓரத்தில் டீசல் கசிந்தது. சட்டையெல்லாம் டீசல். முனை வீட்டுச் சீன அக்கா கேட்டைத் திறந்து பார்த்தார். மகள் வண்டிக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதிவுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான்தான் மச்சானுக்குப் போன் செய்தேன். வந்தார்.

"என்னா மச்சான், வொர்க்‌ஷாப்காரன் தொடாமலே கெட்டுப்போச்சா? கள்ளன் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான் லா!"

என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சாமான்களை அவர் காருக்கு மாற்றினேன்.

"கை கழுவிட்டு, சட்டைய மாத்திட்டு வாங்கப்பா. நாங்க நிக்கிறோம்," என்றாள் மகள்.

"எடம் பத்தாது. நீங்க மூணு பேரும் போங்க."

பின் சீட்டில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

அவர்கள் போன பிறகு பில்டரைக் கழற்றினேன். பழைய பில்டரின் ரப்பர் வளையம் பில்டர் உட்காரும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதியதை வைத்து முறுக்கியிருக்கிறேன். நடுவில் காற்றை இழுத்திருக்கிறது. விரலை விட்டுத் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். பழைய வளையத்தை நகத்தால் நோண்டி எடுத்துவிட்டு, புது பில்டரை மறுபடி முறுக்கினேன். வண்டி நன்றாக ஓடியது.

அப்படியே அவர்கள் பின்னாலேயே போயிருக்கலாம். மச்சான் முகத்தில் விழிக்க வேண்டியிருக்குமே என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"வண்டி சரியாயிருச்சாப்பா?"

"ஆச்சு."

"எப்ப?"

"நீங்க போன கொஞ்ச நேரத்திலயே."

"அப்ப வந்திருக்கலாம்ல. இங்க எல்லாரோட அப்பாவும் வந்திருந்தாங்க."

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.