பெயர் எழுதாமல் விட்ட சுவர்

எங்கள் வீட்டுப் பக்கச் சுவர் நீளமானது. திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முழுசாகத் தெரியும். தேர்தல் வாடை அடித்ததுமே கட்சியில் எல்லோருக்கும் முதலில் என் சுவர்தான் ஞாபகம் வரும். பிறகுதான் நான்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் வார்டில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த வீட்டில் மாமியார் ஓட்டு ஒரு பக்கம் மருமகள் ஓட்டு ஒரு பக்கம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வாழை இலை வியாபாரம் அப்படி. நல்லது கெட்டதுக்கு வீடு வீடாக இலை கொடுத்தவளுக்குத் தெரியாத குடும்பம் உண்டா? கட்சியின் மகளிர் அணியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பொறுப்பில் இருக்கிறேன். நானாகக் கேட்டு வாங்கியதில்லை. கொடுத்தார்கள்.

கவுன்சிலர் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு வந்த அன்றைக்கே, நிற்கப்போவது மண்டபத்துக்காரர்தான் என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் சொன்னார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர், நல்ல மனுஷன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து கரையோரத்து ஜனங்கள் பாயும் பாத்திரமுமாக ஏறி வந்தபோது மண்டபத்தைத் திறந்துவிட்டுச் சோறு போட்டார். அந்தச் சோற்றுக்கு இலை நான் போட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆனால் கட்சியில் ஒரு முறை இருக்கிறது. நிற்க ஆசைப்படுகிறவர்கள் விருப்ப மனு கொடுக்க வேண்டும், தலைமை கூப்பிட்டு நேர்காணல் வைக்கும், பிறகுதான் பெயர் வரும். எங்கள் வார்டில் மனு கொடுத்தது இரண்டு பேர். மண்டபத்துக்காரர் ஒருவர். இன்னொருத்தி எங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிறவள். என் முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தது அவள்தான். சாக்கடை அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், ஆபீஸ் படி ஏறி நிற்கிறதும் அவள்தான்.

வட்டச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். இரண்டு காரியம். சுவரில் மண்டபத்துக்காரர் பெயரை எழுத வேண்டும். தையல்காரியை மனுவை வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டும்.

"எல்லாரும் இப்பவே ஒரே ஆளு பின்னாடி நின்னுட்டா எதிர்க்கட்சிக்காரனுக்குப் பாதி தெம்பு போயிரும்க்கா. உங்க பேச்சை அந்தப் பொண்ணு தட்டாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. போன தடவை எங்களில் இரண்டு பேர் சீட்டுக் கேட்டார்கள். கிடைக்காதவர் கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நின்றார். எங்கள் ஓட்டை நாங்களே பிய்த்துத் தோற்றோம். அந்த இரண்டாவது ஆளையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தவள் நான். செயலாளர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. டீயைக் குடித்துக்கொண்டு சுவரையே பார்த்தார். சொல்லியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன்.

சாயங்காலம் தையல்காரி வீட்டுக்குப் போனேன். வந்த விஷயத்தை எல்லாம் சொன்னேன். மிஷினை மிதிக்கிற காலை அவள் நிறுத்தவில்லை.

"நீங்க சொன்னா வாங்கிடறேன்க்கா. ஆனா நீங்க சொல்றீங்களா, அவங்க சொல்லச் சொன்னதைச் சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் இலைக்கட்டுப் பிரித்துக்கொண்டே யோசித்தேன். வாழையில் தார் தள்ளும் முன்பே தோப்பை மொத்தமாகப் பேசி முடிக்கிற வியாபாரிகள் உண்டு. காற்று அடித்து மரம் சாயாத வருஷம் அவர்கள் கெட்டிக்காரர்கள். போன தடவை நாங்கள் ஏன் தோற்றோம்? இரண்டு பேர் கேட்டதாலா? இல்லை. கேட்டு முடித்துப் பெயர் வந்த பிறகும் ஒருத்தர் அடங்காததால். இது எனக்குத் தெளிவானதும் இலை நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவளிடம் சொன்னேன்.

"மனு இருக்கட்டும். ஆனா பேரு அவருக்கு வந்துச்சுன்னா, மறுநாள் நோட்டீஸ் குடுக்க நீதான் மொதல்ல வரணும்."

"வரேன்க்கா," என்றாள். அவ்வளவுதான். அவள் அதிகம் பேசமாட்டாள்.

மண்டபத்துக்காரரும் இதே வார்த்தையைக் கொடுக்கட்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அவருக்கு எதுக்குக்கா? அவருக்குத்தானே வரப்போவுது."

பெயிண்டர் வந்தபோது, கட்சிப் பெயரையும் சின்னத்தையும் எழுதிவிட்டு ஆள் பெயர் வருகிற இடத்தை வெள்ளையாக விடச் சொன்னேன். மறுபடியும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரணுமா என்று முனகினார். வாருங்கள், டீ தருகிறேன் என்றேன். வார்டில் மற்ற சுவரெல்லாம் மண்டபத்துக்காரர் பெயர். என் சுவரில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி இலைக்காரப் பெரியம்மா தனக்குத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று தெருவில் கேலி பண்ணினார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் எந்த வார்டு யாருக்கு என்று அரசாங்கப் பட்டியல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பெயிண்டர் சுண்ணாம்பு வாளியோடு தெருத் தெருவாக அலைந்தார். ஒரு பூச்சுப் பூசினால் ஈரத்தில் பெயர் மறையும், காய்ந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கும். சில சுவரில் மூன்று பூச்சு ஆனது. என்னைப் பார்த்தால் மட்டும் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

இத்தனைக்குப் பிறகாவது நிதானம் வந்ததா என்றால், அன்று சாயங்காலமே மண்டபத்துக்காரர் மனைவிதான் வேட்பாளர் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்தம்மாவைக் கேட்டீர்களா என்றேன். அதெல்லாம் கேட்கணுமா என்றார் செயலாளர்.

மண்டபத்துக்கு இலை கொண்டுபோனபோது அந்தம்மாவே என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மைக்கைப் பார்த்தாலே எனக்கு வேர்த்துக் கொட்டும்க்கா. எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

"அப்ப வீட்டுல நீ சொல்லு. இன்னிக்கே சொல்லு," என்றேன்.

சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை மண்டபத்துக்காரர் ஆள் அனுப்பாமல் அவரே எங்கள் தெருவுக்கு வந்தார். என் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நேராகத் தையல்காரி வீட்டுக்குப் போய், நேர்காணலுக்குத் தைரியமாகப் போகச் சொன்னார். பெயர் வந்தால் கூடவே தெருத் தெருவாக நடப்பதாகவும் சொன்னார். நான் அவரிடம் கேட்டு வாங்க முடியாத வார்த்தை அது. அவராகக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று முதலிலேயே சொன்னேனே.

நேர்காணல் முடிந்து தையல்காரி பெயரே வந்தது. பெண்கள் வார்டாகும் என்று நான் முன்கூட்டிக் கண்டேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். எனக்கென்ன தெரியும்? காற்று அடிக்கலாம் என்று மட்டும்தான் தெரியும். செயலாளர் இன்றைக்கும் தன் பேச்சை விடவில்லை. "பாத்தீங்களாக்கா, எல்லாரும் ஒரே ஆளு பின்னாடி நிக்கறதால எவ்வளவு தெம்பா இருக்கு," என்கிறார். ஆமாம் தம்பி, எல்லாரையும் கேட்டுவிட்டு நிற்கிறோம் என்பேன்.

பெயிண்டர் ஏணியோடு வந்தார். பேசினபடி டீ கொடுத்தேன். நான் விட்ட இடம் பெரியது, அவள் பெயர் சின்னது. மிச்ச இடத்தில் பூ வரையட்டுமா என்று கேட்டார். பூ வேண்டாம், எழுத்தைப் பெரிசாக, தள்ளித் தள்ளி எழுதுங்கள் என்றேன். என்னைப் போல எழுத்துக் கூட்டுகிறவர்களும் அந்த பஸ்ஸில் போகிறார்கள். அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது.