கடற்பாசிப் பொடியும் கருவாட்டு வலையும்

மருந்து கண்டுபிடிக்கிறவருக்கு மாலை விழும். அதைச் சாப்பிட்டால் ஆபத்தில்லையா என்று பார்க்கிறவருக்கு வசவுதான் விழும். பரிசோதனைக் கூடங்களில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிறிய கூடத்தில் எனக்கு வேலை. கடற்பாசியின் புரதத்தைப் பொடிப்பொடியாக வெட்டினால் பெப்டைடு என்ற துணுக்குகள் கிடைக்கும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று நாங்கள் நம்பும் அந்தச் சரக்கு, மனிதர் வாயில் போடத் தக்கதுதானா என்று பார்ப்பது என் பாடு.

பிழைத்த மீன்

பாசி பறித்துத் தருகிறவர் கடப்பாக்கம் செல்வி அக்கா. ஒருமுறை மூட்டையோடு கூடத்துக்கே வந்துவிட்டார். பொடி கரைத்த தொட்டிகளில் குட்டிக் குட்டி மீன்கள். ஒன்றுகூடச் சாகவில்லை என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அக்கா தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க கரையில மீனு செத்தாதான் யாவாரம். உங்களுக்கு பொழச்சாதான் யாவாரமா? நல்லா கீதும்மா உங்க பொழப்பு!"

மாத்திரை யாருக்கு?

அவர் கணவர் ஏகாம்பரம் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் எகிறிக்கொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரைகள் பிரிக்காமலே கிடந்தன. பொடி வர நாளாகும், வந்தாலும் மாத்திரைக்கு ஈடாகுமா என்று தெரியாது, மாத்திரையை விடாதீர்கள் என்று கெஞ்சினேன். அதட்டியும் பார்த்தேன். அவர் வலையைச் சிக்கெடுத்தபடியே சிரித்தார்.

"நீ இன்னாத்துக்குமா பேஜாராவற? என் பொண்டாட்டி பறிக்கிற பாசி, நம்ம கடலு. அது வர்ட்டும், துன்றேன். மாத்திர யாருக்கு வோணும்?"

நல்ல வலை

அடுத்த சரக்கில் மீன் புரதம் இருந்தது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று மறுபடி பார்த்தோம். அப்போதும் இருந்தது. மீன் ஒத்துக்கொள்ளாதவர் அதைச் சாப்பிட்டால் மூச்சே அடைத்துவிடும். அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம், மாதக்கணக்கில் பின்தங்கினோம்.

விசாரித்தால், அக்கா நெத்திலிக் கருவாடு காயவைக்கும் வலையில் பாசியை உலர்த்தியிருக்கிறார். ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

"மண்ணு ஒட்டக் கூடாதுன்னீங்க. கருவாட்டுக்கு வெச்சிருந்த நல்ல வலையாச்சேன்னு அதுல போட்டேன். அது தப்பாம்மா?"

நல்ல செய்தி

மறுசோதனையில் பொடி தேறியது. இனி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். போனில் சொல்ல மனம் ஒப்பாமல் பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போனேன்.

அண்ணன் கட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை அசையவில்லை. போன வாரம் படகிலிருந்து இறங்கும்போதே விழுந்துவிட்டாராம். இப்போது வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறார் அக்கா. வந்த விஷயத்தைச் சொல்லாமலே கிளம்பப் பார்த்தேன்; இன்னா சேதி, சொல்லு என்று அக்கா விடவில்லை. சொன்னேன்.

"பொடியால ஆபத்தில்லன்னு தெரிஞ்சிபோச்சா? சந்தோசம்மா. இவரு அதுக்கோசரம் குந்திகினு இருந்தாரே, அத்த யாரு பாத்தது?"

அந்தப் பொடியால் யாருக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று அனைத்தையும் பார்த்துவிட்டோம், அதற்காகக் காத்திருந்தவருக்கு வந்ததைத் தவிர.