ஆறு வருஷத்துச் சண்பகம்

தோழிகளே, இன்று பதுளைச் சந்தையில் ஒரு பூச்செடி வாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

நாளை அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை. அந்தப் பயத்தைக் கொஞ்சம் மறக்கலாம் என்றுதான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வைக்க ஒரு செடி கேட்டேன்.

செவ்வந்தி மொட்டும் பூவுமாக நின்றது. பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் சண்பகக் கன்று.

"செவ்வந்தின்னா அடுத்த வாரமே பூத்துக் கொட்டும். சண்பகத்துக்கு ஆறு வருஷமாவது பொறுக்கணும். அதுவரைக்கும் அங்கதான இருப்பீங்க?" என்றார் செடிக்காரர்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருப்பீர்களா என்றுதானே நாளை அதிகாரியும் கேட்பார்! அவசரமாகச் செவ்வந்தியை எடுத்தேன்.

கூட வந்திருந்த அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "சண்பகத்தக் குடுங்க."

பஸ்ஸில், "ஏன் அப்பா?" என்று கேட்டேன்.

"இருப்பியான்னு நாளைக்கு அந்த ஐயா கேட்டா, நான் வாயால என்னத்தச் சொல்ல, பாப்பா? இதத் தூக்கி மேசையில வச்சிர்றேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு இலைகள் வாடியிருக்கின்றன.

அதிகாரி பார்ப்பதற்குமுன் அவற்றைக் கிள்ளிவிடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள்.