கறுப்புச் சாரல்

மலை மூடினால் சாரல் வரும் என்று நம்பியவன் நான். இதில் என்ன முட்டாள்தனம் என்று கேட்பீர்கள். இலஞ்சிப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். மூடியது எது என்றும் பார்க்க வேண்டும், அதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த வருஷம் ஆனி பிறந்தும் குற்றாலத்தில் வெறும் பாறைதான். சாரலுக்கென்று பங்களாவில் வந்து இறங்கிய துரைமார்கூடப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மலையடிவாரத்தில் என் பங்குக்கு வந்த குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீர் என்பது ஒரு மரியாதைக்கு. மாட்டு மூத்திரமும் செத்த கெண்டையும் ஊறிய பச்சைக் கஷாயம் அது. கரையில் நின்றால் முந்தின நாள் தின்றது தொண்டை வரைக்கும் ஞாபகத்துக்கு வரும். அதே கரையில்தான் என் வைக்கோல் படப்பு. இரண்டு உழவு மாட்டுக்கும் அடுத்த அறுப்பு வரை அதுதான் சோறு.

ஒரு மத்தியானம் பார்க்கிறேன், மலை மூடிக் கிடக்கிறது! உச்சியே தெரியவில்லை. ஓடிப்போய் மடையைத் திறந்துவிட்டேன். புதுத் தண்ணீர் வருகிறபோது பழைய நாற்றம் எதற்கு? கஷாயம் முழுக்க ஓடைக்குப் போனது. மிஞ்சியது சேறும், அதில் வாயைப் பிளந்து பிளந்து மூடும் மீனும். அண்ணாந்து நின்றேன். மூக்கில் லேசாக ஏதோ விழுந்தது.

"விழுந்துட்டு அண்ணாச்சி, சாரல் விழுந்துட்டு!" என்று பக்கத்து வயல்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் வந்து என் மூக்கை உற்றுப் பார்த்தார். "ஏலே, சாரல் எந்தக் காலத்துல கறுப்பா விழுந்திருக்கு? மலை எரியுதுலே!"

துடைத்தேன். சாம்பல்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கலாம், பயம்தான் வந்தது. படப்பில் ஒரு பொறி விழுந்தால் போச்சு. தண்ணீரையோ நானே வழியனுப்பிவிட்டேன். வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு சேற்றில் குதித்தேன். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் படப்பின்மேல் வீசினேன். பாதி படப்புக்கு, பாதி என் தலைக்கு. கமுக்கட்டில் ஏதோ நெளிந்தது. அது என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரிய வேண்டாம். வாய்க்குள் போனதைத் துப்பினேன், நத்தை.

கஞ்சி கொண்டு வந்த என் வீட்டுக்காரி தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். "அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளப் பாத்தீயளா?"

"நாந்தாம்ட்டி!"

"அப்போ கஞ்சிய இங்கனயே வச்சுட்டுப் போறேன். வீட்டுப் பக்கம் வந்திராதீய."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாளவில்லை. "பயப்படாதலே. தீயே வந்தாலும் இந்த நாத்தத்துக்குத் திரும்பிப் போயிரும்."

தீ வரவே இல்லை. பாதி மலையில் மொட்டைப்பாறையோடு நின்று அணைந்துபோனது. சேறு பட்ட வைக்கோலை மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. படப்பு மக்கிப் புழுத்தது, உரக்குழியில் தள்ளினோம். குட்டைக்குத் தண்ணீர் ஐப்பசி மழைக்குத்தான் வந்தது. அறுப்பு வரை என் மாடுகள் அண்ணாச்சி படப்பில் தின்றன.