கேட்காமல் நிரப்பிய ஆறு பாரங்கள்

பிள்ளைகளே, என் மீதே எனக்குக் கோபம் வந்த கதை இது.

என் மகள் ஆயர் குரோ பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுகலை படிக்கிறாள். மெர்லிமாவ் செம்பனை எண்ணெய்த் தோட்டத் தொழிலாளர்களின் முதுகு வலிதான் அவளுடைய ஆய்வு. வீடு வீடாகக் கேட்டுக் கேள்விப் படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, நிரப்ப நானும் போனேன். ஆறு வீடுகள் பூட்டியிருந்தன. நான் பிறந்து வளர்ந்த தோட்டம்தானே என்று, ஆறிலும் ‘வலி இல்லை’ என நானே எழுதிவிட்டேன்.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். “ஆறும் ஒரே மாதிரி இருக்கேப்பா! இது உள்ள போனா என் ஆய்வே பொய்!”

“எல்லாம் தெரிஞ்சவங்கதான்லா! ஆறு தாளுக்கு இவ்வளவு சத்தமா?” என்று நானும் கத்தினேன்.

“வாங்க, போய்க் கேப்போம்” என்று காரில் ஏற்றினாள்.

முதல் வீட்டில் செல்வி அக்கா சுவரைப் பிடித்தபடி கதவைத் திறந்தார். நான் எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள்.

“வலி இல்லையா? வருசக்கணக்கா குனிஞ்சு செம்பனைப் பழம் பொறுக்கி, இப்ப நிமிர முடியல. மேனேஜர்தான் கேக்க மாட்டாரு. நீயும் கேக்காமலே எழுதிட்டியே தம்பி!”

அந்த ஆறு பாரங்களையும் அங்கேயே கிழித்தேன். மகள் புதுத் தாளை எடுத்து முதல் கேள்வியிலிருந்து கேட்டாள். அக்கா வெகுநேரம் பேசினார்.

அவரைத் தெரியும் என்று நினைத்தே அவர் வாயை அடைக்கப் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.